பூமாலை படித்த கார்டு

ஒலக்கூர் வழி,
29-10-1963

அன்புள்ள தம்பி தேவநாதனுக்கு,

உங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்க்கும் அமலோற்பவமேரி எழுதிக்கொள்வது. நீங்கள் பட்டாளத்துக்குப் போன பிறகுதான் நான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தேன். அதனால் நாம் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. உங்கள் தங்கை பூமாலை என்னிடம்தான் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். உங்கள் தாயார் சின்னபொண்ணு அம்மாள் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன்.

தந்தி உங்களுக்குத் தாமதமாகக் கிடைத்தது என்றும், அதன் பிறகும் லீவு கொடுக்கவில்லை என்றும் அறிந்து அம்மா மிகவும் வருந்தினார்கள். அப்பாவின் காரியங்கள் குறைவில்லாமல் நடந்தன. விழுப்புரத்திலிருந்து உடலை லாரியில் கொண்டுவந்தார்கள். நீங்கள் இல்லாததால் சித்தப்பா சின்னக்கண்ணு கொள்ளி வைத்தார். கருமாதியும் முடிந்துவிட்டது.

அப்பா ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் இருந்தார். முதல் நான்கு நாள் அம்மா கூடவே இருந்தார்கள். மல்லாட்டை பிடுங்காமல் கிடக்கிறது, மழை வந்தால் எல்லாம் நிலத்திலேயே முளைத்துவிடும், நீ போ என்று அப்பாதான் அனுப்பிவைத்தாராம். முடிவு திடீரென்று வந்துவிட்டது. யாரும் எதிர்பார்க்கவில்லை.

அம்மா எழுதச் சொன்னது: உடம்பைப் பார்த்துக்கொள். குளிர் தேசத்தில் மார்பைத் திறந்து போட்டுக்கொண்டு நிற்காதே. லீவு கிடைக்கிறபோது வந்தால் போதும், அதிகாரிகளிடம் சண்டை போடாதே. பசு கன்று போட்டிருக்கிறது.

பூமாலை பள்ளிக்கு ஒழுங்காக வருகிறாள். அவளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

ஆண்டவர் உங்களுக்கு ஆறுதல் தரட்டும்.

இப்படிக்கு,
அமலோற்பவமேரி


ஒலக்கூர் வழி,
24-11-1963, ஞாயிறு

அன்புள்ள தம்பி தேவநாதனுக்கு,

நீங்கள் அம்மாவுக்கு எழுதிய கடிதம் சென்ற வாரம் வந்தது. பூமாலை இப்போது கடிதத்தைத் தொடுவதில்லை, அதனால் அம்மா என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, கேட்பதற்குத் தயாராக முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். நான் பிரித்து மனத்துக்குள் படித்தேன்.

அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த மாசிலாமணி என்பவர் உங்களுக்கும் எழுதியிருக்கிறார் என்பதை அதில்தான் தெரிந்துகொண்டேன். ஒன்பதாம் தேதியே வீட்டுக்குக் கார்டு போட்டதாகவும், பதினான்காம் தேதி காலை உயிர் பிரியும் வரை வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். கார்டு வந்ததா இல்லையா, வந்தும் போகவில்லையென்றால் இனி எனக்கு அந்த வீடு இல்லை, மணியார்டரைத் தவிர என்னிடமிருந்து எதுவும் வராது என்று நீங்கள் அம்மாவைக் கேட்டிருக்கிறீர்கள்.

நான் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. பிள்ளை மிகவும் துக்கத்தில் இருக்கிறான், உங்களை விசாரித்திருக்கிறான் என்று மட்டும் சொன்னேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்கள். எழுதியிருப்பது ஒன்று, படித்துச் சொல்வது ஒன்று என்று நான் செய்தது அது இரண்டாவது தடவை. அதனால்தான் இந்தக் கடிதம். இதைக் கோபப்படாமல் கடைசி வரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கோபம் வந்தால் அது என் மேல் இருக்கட்டும்.

கார்டு வந்தது. பதினோராம் தேதி, வெள்ளிக்கிழமை. தபால்காரர் அதை அம்மா கையில் கொடுத்தார். முன்பெல்லாம் அவரையே படிக்கச் சொல்வார்கள். இந்த வருஷம் அப்படி இல்லை. சென்ற மாசி மாதம் எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் நன்றாகப் படித்ததற்காகப் பூமாலைக்கு ஓர் எவர்சில்வர் டம்ளர் பரிசு கிடைத்தது. அன்று முதல் உங்கள் வீட்டுக்கு வந்த கடிதங்களை அவள்தான் படித்துவந்தாள். அந்தக் கார்டையும் அவள்தான் படித்தாள். அப்பா சுகமாக இருக்கிறாராம், சீக்கிரம் வந்து சேருவாராம் என்று சொன்னாள். அம்மா கும்பிட்டுவிட்டு மல்லாட்டைக் கொல்லைக்குப் போனார்கள். திங்கட்கிழமை மதியம் தந்தி வந்தது.

கார்டில் இருந்ததை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

"தங்கள் புருஷர் தாண்டவராயன் அவர்களின் தேக சுகம் மிகவும் கவலைக்கிடமான நிலையை அடைந்திருப்பதால், தாங்கள் தாமதியாது குமாரத்தியுடன் புறப்பட்டு வந்து சேரவும்."

பூமாலைக்குப் படிக்கத் தெரியாது, தம்பி.

இதை எழுதக் கை வரவில்லை. ஆனால் அது உண்மை. அவளுக்கு நல்ல காது. ஒரு தடவை கேட்டால் போதும், ஏற்ற இறக்கம் மாறாமல் திருப்பிச் சொல்வாள். எங்கள் வகுப்பில் நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்குப் பதினெட்டுப் புத்தகம்தான். நான் ஒரு வரி சொல்வேன், எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். அப்படியே பாடம் முழுவதும் மனப்பாடமாகிவிடும். அதைத்தான் நான் வாசிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆண்டு விழா அன்று மேடையில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். பூமாலை புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கணீரென்று படித்தாள். பக்கத்தைத் திருப்பும்போது இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து திரும்பிவிட்டது. அவள் எதிரே வேறு பாடம் இருந்தது. அவள் நிறுத்தவில்லை. பழைய பாடத்தையே சொல்லிக்கொண்டு போனாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். பாராட்டுவது போல அவள் முதுகில் ஒரு கையை வைத்து, மறு கையால் அந்தத் தாளைப் பிரித்துச் சரியான பக்கத்தைக் காட்டிவிட்டு நகர்ந்தேன். யாரும் கவனிக்கவில்லை. அவளுக்கு டம்ளர் கொடுத்தார்கள். எனக்கும் நல்ல பெயர் கிடைத்தது.

அன்றைக்கே எனக்குத் தெரியும். விடுமுறை முடிந்து வந்ததும் அவளைத் தனியே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைத்தேன். பிறகு அந்த நினைப்பே இல்லாமல் போய்விட்டது.

அக்டோபர் 28ஆம் தேதி அம்மா அந்தக் கார்டை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். பூமாலை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா சொன்னார்கள்: "நல்லா இருக்கறாருன்னுதான் எழுதியிருந்துச்சி. அப்புறம் மூணு நாள்ல எப்படிம்மா போவாரு? ஒருவாட்டி நீங்க படிங்க. அவரு கடைசியா சொல்லி எழுதினது இதானே."

நான் படித்தேன். பூமாலையைப் பார்த்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை வைத்துக்கொண்டு என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. அவள் சொன்னதையே நானும் சொன்னேன். சுகமாக இருக்கிறார், வந்து சேருவார் என்று எழுதியிருக்கிறது என்றேன். மறுநாள்தான் உங்களுக்கு முதல் கடிதத்தை எழுதினேன். யாரும் எதிர்பார்க்கவில்லை என்று அதில் எழுதியிருந்தேன். மன்னியுங்கள்.

அன்று மாலை மற்றப் பிள்ளைகள் போன பிறகு அவள் போகாமல் நின்றாள். அழவில்லை. "டீச்சர், அதுல நெஜமா என்னா எழுதியிருக்குது?" என்று கேட்டாள். நான் சொல்வதற்குள் அவளே சொன்னாள்: "சுகம்ங்கற எழுத்து தெரிஞ்சிது. வந்து சேரங்கறது தெரிஞ்சிது. மத்ததெல்லாம் கோத்து கோத்து எழுதியிருந்துச்சி. அண்ணன் லெட்டர்லகூட மொதல்ல சுகம்னுதான வரும்? அதான் அப்பிடிச் சொன்னேன்." தெரியவில்லை என்று என்னிடம் கொண்டு வந்திருக்கலாமே என்றேன். "எடுத்துக்கினு வரலாம்னுதான் பாத்தேன். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும்னு பயந்துக்கினேன்" என்றாள்.

எனக்கு எட்டு மாதமாகத் தெரியும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியாது.

உங்கள் பழைய கடிதங்களையும் அம்மாவிடம் கேட்டு வாங்கிப் படித்தேன். ஆவணி மாதம் காய்ச்சலில் பத்து நாள் படுத்திருந்ததாக எழுதியிருந்தீர்கள். யாரும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லையே என்று அடுத்த கடிதத்தில் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு அது தெரியவே தெரியாது. நீங்கள் நன்றாக இருப்பதாகத்தான் கேட்டார்கள்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே, போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, கார்டின் ஓரத்தில் இருந்த பெயரை வைத்துக்கொண்டு நான் விழுப்புரம் போய் மாசிலாமணியைத் தேடிப் பிடித்தேன். ரயிலடிக்குப் பக்கத்தில் ஓர் அரிசி மில்லில் கணக்கெழுதுகிறார். கால் முறிந்து அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தவர், இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். நான் யார் என்று தெரிந்ததும் உட்கார வைத்தார்.

நான் முதலில் கேட்டது, வீட்டார் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று. இல்லை என்றார். குடலில் கட்டி முற்றிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் செவ்வாய்க்கிழமையே சொல்லிவிட்டாராம். அதன் பிறகுதான் அவர் கார்டு எழுதினார். இதை நீங்கள் நம்ப வேண்டும். உங்களைச் சமாதானப்படுத்த நான் சொல்லவில்லை.

ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். "நான் சாதாரணமாத்தாம்மா எழுதப் போனேன், ரொம்ப மோசம், உடனே வான்னு. அவருதான் வேணாம்னாரு. எங்க பாப்பாதான் படிக்கும், பரிசு வாங்கின புள்ள, நல்ல வார்த்தையா போட்டு எழுதுங்கன்னாரு. அந்தப் பரிசைப் பத்தி வார்டு பூரா சொல்லிட்டாரு. அதான் நானும் யோசன பண்ணி எழுதினேன்." பிறகு, "ரயில் சத்தம் கேட்டா கதவுப் பக்கம் திரும்பிப் பாத்துக்கினே இருப்பாரு" என்றார்.

திரும்பி வந்ததும் திங்கட்கிழமை பாடப் புத்தகங்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். எந்தப் பாடத்திலும் இல்லாத ஒரு வரியைப் பலகையில் எழுதினேன். "நேற்று எங்கள் எருமை குளத்தில் இறங்கிவிட்டது" என்று. ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். நாற்பத்து மூன்று பேரில் ஒன்பது பேர் படித்தார்கள். ஐந்தாவது வருஷமாகப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகள்.

அந்த ஒன்பதையே பதிவேட்டில் எழுதப் போகிறேன் என்று தலைமையாசிரியர் துரைக்கண்ணு ஐயாவிடம் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை அவர். பயந்துவிட்டார். "வேணாம்மா. போன வருஷம் எல்லாம் நல்லா படிக்கறாங்கன்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். இப்ப கேட்டா நான் என்னா பதில் சொல்வேன்?" என்றார். நான் எழுதிவிட்டேன். அதற்கு என்ன வருகிறதோ வரட்டும்.

நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். மேலே எழுதிப் போட வேண்டுமென்றாலும் போடுங்கள். ஒன்றை மட்டும் கேட்கிறேன். வீட்டைக் கைவிட்டுவிடாதீர்கள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. பூமாலைக்கு வயது பத்து. லீவில் வரும்போது அவளை நிற்க வைத்து எதுவும் கேட்காதீர்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
அமலோற்பவமேரி


ஒலக்கூர் வழி,
19-4-1964, ஞாயிறு

அன்புள்ள தம்பி தேவநாதனுக்கு,

ஜனவரியில் நீங்கள் எழுதிய கார்டு கிடைத்தது. இரண்டே வரி. தங்கச்சியை நான் ஒன்றும் கேட்க மாட்டேன், ஆனால் அம்மாவுக்கு உண்மை தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பதில் எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது. சொல்லிவிட்டு எழுதலாம் என்று ஒவ்வொரு வாரமும் தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் அந்த வேலையை நான் செய்யவில்லை. பூமாலை செய்தாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன். பிள்ளைகள் ஆளுக்கொரு சொல்லை வெளியிலிருந்து எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று வைத்தேன். திண்டிவனம் பஸ்ஸிலிருந்து, மருந்துப் பாட்டிலிலிருந்து, சுவரிலிருந்து, எங்கிருந்து வேண்டுமானாலும். எங்கே பார்த்தாய், என்ன அர்த்தம், உன் வாயால் ஒரு வாக்கியம் சொல் என்று கேட்பேன். அர்த்தம் யாருக்கும் தெரியாவிட்டால் அந்தச் சொல் தெரிகிற வரை பலகையிலேயே இருக்கும். அபாயம், ஜப்தி, கெடு, வெளிப் பிரயோகத்துக்கு மட்டும் என்று பலகை நிறைந்துவிட்டது. ஒரு பையன் நிலக்கடலை என்பது ஏதோ சீமைச் சரக்கு என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறான். வீட்டில் அதையே மல்லாட்டை என்று சொல்லி, அந்த மூட்டையின் மேலேயே படுத்துத் தூங்குகிறவன் அவன்.

அச்செழுத்து பழகியதும் வீடு வீடாகப் போய்ப் பழைய கார்டுகளைக் கேட்டு வாங்கிவந்தேன். ஊரில் விதவிதமான கையெழுத்து இருக்கிறது. அவற்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்கிறவனைப் பார்த்து வகுப்பில் யாரும் சிரிக்கக் கூடாது என்பது மட்டும்தான் நான் வைத்த சட்டம். முதலில் அப்படிச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. பூமாலைதான் முதலில் எழுந்து நின்று, இது எனக்குத் தெரியல டீச்சர் என்றாள். அதன் பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

அவள் எழுத்துக் கூட்டும்போது படுகிற பாட்டைப் பார்க்க எனக்குப் பல நாள் கஷ்டமாக இருந்தது. கணீரென்று சொன்ன பெண் ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக்கொண்டு போனாள். ஒரு நாளும் எனக்கு வராது என்று சொல்லவில்லை. மார்ச் மாதக் கடைசியில் அவள் என்னிடம் வந்து, "அந்தக் கார்டை நான் படிச்சிப் பாத்தேன். ரெண்டு வார்த்தைக்குத்தான் அர்த்தம் தெரியல" என்றாள். சொன்னேன். பிறகு, "அம்மாவுக்கு நானே படிச்சிக் காட்டறேன். நீங்க கூட இருங்க" என்றாள்.

பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் உங்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா கேப்பை புடைத்துக்கொண்டிருந்தார்கள். பூமாலை முறத்துக்கு எதிரே உட்கார்ந்து, "அன்னிக்கி நான் தப்பா சொன்னேம்மா, எனக்கு அப்பப் படிக்கத் தெரியாது, இப்பத் தெரியும், கேளு" என்று சொல்லிவிட்டு, கார்டை மெதுவாக, விரல் வைத்துப் படித்தாள். ஓர் எழுத்தும் தவறவில்லை.

அம்மா கை முறத்திலேயே நின்றுவிட்டது. கவலைக்கிடம் என்றால் என்ன என்று கேட்டார்கள். பூமாலை சொன்னாள். பிறகு, "குமாரத்தின்னா யாரு?" என்று கேட்டார்கள்.

"நான்தாம்மா" என்றாள் பூமாலை.

அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அம்மா அழுத அழுகையை நான் எழுத மாட்டேன். அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. அழுது முடித்த பிறகு என்னைப் பார்த்தார்கள். "அதுக்குப் படிக்கத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சிதே. நீங்க ஏம்மா மாத்திச் சொன்னீங்க?" என்று கேட்டார்கள்.

எழுந்து வந்துவிட்டேன்.

அதிலிருந்து அம்மா என்னிடம் பேசுவதில்லை. வழியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். அவர்கள் கேட்டது நியாயம். காலம் போனால் பேசுவார்கள் என்று நானாக நினைத்துக்கொள்வதும் சரியில்லை.

ஜூனிலிருந்து எனக்குப் பெருமுக்கல் பக்கத்தில் ஒரு பள்ளிக்கு மாற்றல் உத்தரவு வந்திருக்கிறது. பதிவேட்டில் ஒன்பது என்று எழுதியதற்காக என்று சிலர் சொல்கிறார்கள். அது எனக்குத் தெரியாது. தேர்வில் முப்பத்தொரு பிள்ளைகள் புதிதாகக் கொடுத்ததைப் படித்தார்கள். பன்னிரண்டு பேருக்கு இன்னும் வரவில்லை. அவர்கள் பெயரைத் துரைக்கண்ணு ஐயாவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த வருஷம் அவரும் அதே கணக்கில்தான் கையெழுத்துப் போட்டார்.

இதே உறையில் பூமாலை உங்களுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அவளே எழுதி, அவளே மடித்துக் கொடுத்தாள். நான் பிரித்துப் பார்க்கவில்லை. பிழை இருக்கும், திருத்தவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

தம்பி, பதிலை அவள் பேருக்கே எழுதுங்கள். எழுத்தைச் சேர்த்துக் கோக்காமல், கொஞ்சம் இடம் விட்டு எழுதுங்கள். அங்கே குளிர் எப்படி, சாப்பாடு எப்படி, உடம்பு எப்படி என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். காய்ச்சலாக இருந்தால் காய்ச்சல் என்றே எழுதுங்கள். அவள் அம்மாவுக்கு அப்படியே படித்துச் சொல்வாள்.

ஆண்டவர் உங்களைப் பத்திரமாக வைத்திருந்து, அந்த இருவர் முன்னால் ஒருநாள் கொண்டுவந்து நிறுத்தட்டும்.

என்றும் உங்கள் நலம் வேண்டும்,
அமலோற்பவமேரி